சீட்டில்லாத சாக்கும் பெயர் தெரியாத கோப்பும்: சர்வரில் கோப்பு வகைகளை அமைப்பது

கொழுந்து எடை போடும் இடத்தில் சீட்டில்லாத சாக்கு வந்தால் எங்கள் கணக்குப்பிள்ளை அதை ஓரமாக வைத்துவிடுவார். யாருடையதாக இருக்கும் என்று ஊகித்து எவர் கணக்கிலும் ஏற்றமாட்டார். வெப் சர்வரும் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கோத்தகிரியைச் சுற்றியுள்ள சிறு தேயிலை விவசாயிகளின் குழு ஒன்றுக்காக ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். தினசரி எடைக் கணக்கு, மாதப் பட்டியல், விவசாயிகள் அனுப்பும் சீட்டுப் படங்கள், இவைதான் அதில் இருக்கின்றன. கேட்பவர்களுக்குப் பக்கங்களையும் கோப்புகளையும் அனுப்பும் வெப் சர்வர் மென்பொருள் என்ஜின்எக்ஸ்.

சர்வர் ஒரு கோப்பை அனுப்பும்போது ‘கன்டென்ட்-டைப்’ என்ற ஹெடரையும், அதாவது இது இன்ன வகைக் கோப்பு என்று சொல்லும் தலைப்புக் குறிப்பையும், சேர்த்து அனுப்புகிறது. பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் ஒட்டைப் (எக்ஸ்டென்ஷன்) பார்த்து, ‘மைம்.டைப்ஸ்’ பட்டியலில் அதற்குரிய வகையைத் தேடி எடுக்கிறது. பட்டியலில் இல்லாவிட்டால் அமைப்புக் கோப்பில் உள்ள ‘டீஃபால்ட்_டைப்’ வரி என்ன சொல்கிறதோ அதுதான். அந்த வரியை எழுதாமல் விட்டால் என்ஜின்எக்ஸ் அதை ‘டெக்ஸ்ட்/பிளெயின்’, அதாவது வெறும் உரை, என்று எடுத்துக்கொள்ளும். அப்போது பெயர் தெரியாத இரண்டு எம்பி கோப்பு ஒன்று திரை முழுக்கக் குப்பையாகக் கொட்டும். மழைக்காலத்தில் சிக்னலுக்காக வீட்டு வாசலில் வந்து நிற்பவருக்கு அந்த இரண்டு எம்பி பெரிய விஷயம். அதனால் ‘அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்’ என்று வையுங்கள். உலாவி அதைத் திறந்து காட்ட முயலாமல், இறக்கி வைத்துக்கொள்ளும். அப்பாச்சி என்ற இன்னொரு சர்வர் மென்பொருளில் 2.2 வரை இந்த இடத்தில் டெக்ஸ்ட்/பிளெயின் இருந்தது, 2.4 முதல், தெரியாத கோப்புக்கு எந்த வகையும் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

அடுத்தது எழுத்துக் குறியாக்கம். தமிழில் எழுதுபவர்கள் இதைத் தவறவே விடக்கூடாது. கட்டபெட்டு அக்கா ஒருவர் ஒரு நாள் காலையில் அழைத்து, “தம்பி, என் கணக்கில் எழுத்தெல்லாம் புழுவாய் நெளிகிறது” என்றார். சாதாரண உரைக் கோப்புதான்; ஆனால் அது யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் இருக்கிறது என்று சர்வர் சொல்லவில்லை. ‘நீலகிரி’ என்ற சொல் யூடிஎஃப்-8இல் 21 பைட். ஏழு குறிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். உலாவி தவறாக ஊகித்தால் ஒவ்வொரு குறியும் மூன்றாக உடைந்து, தலையில் சாய்கோடு போட்ட ரோமன் ‘ஏ’ திரும்பத் திரும்ப வந்து நிற்கும். ‘சார்செட் யூடிஎஃப்-8’ என்று ஒரு வரி எழுதினால் இது தீரும். ஆனால் அந்த வரி எந்தெந்த வகைகளுக்குப் பொருந்தும் என்பதை ‘சார்செட்_டைப்ஸ்’ தீர்மானிக்கிறது. அதில் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) கிடையாது. அதைச் சேர்க்கும்போது டெக்ஸ்ட்/பிளெயினையும் மறுபடி எழுத வேண்டும். நீங்கள் எழுதும் பட்டியல் பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இதே குணம், ஒட்டுக்கு வகை சொல்லும் ‘டைப்ஸ்’ தொகுதிக்கும் உண்டு. அங்கேதான் நான் அடிபட்டேன். என்ஜின்எக்ஸ் தரும் பட்டியலில் சிஎஸ்வி இல்லை என்பதால், எங்கள் தளத்தின் ‘சர்வர்’ பகுதிக்குள் அந்த ஒரு வகையை மட்டும் எழுதி ஒரு டைப்ஸ் தொகுதி வைத்தேன். மேலே இருந்த முழுப் பட்டியலும் அந்தத் தளத்துக்கு இல்லாமல் போய்விட்டது. முகப்பைத் திறந்தவர்களுக்குப் பக்கம் தெரியவில்லை. அது ஒரு கோப்பாக இறங்கியது. எச்டிஎம்எல்லும் சீட்டில்லாத சாக்காகிவிட்டதே! புதிய வகை வேண்டுமென்றால், பட்டியல் சேர்க்கப்படும் ‘எச்டிடிபி’ பகுதியிலேயே அதையும் சேர்த்துவிடுங்கள்.

அன்று என்னைக் கெடுத்த அதே குணம் பதிவேற்றக் கோப்புறையில் எனக்குக் காவலாக இருக்கிறது. வெளியார் அனுப்பும் கோப்புகள் வந்து சேரும் ‘லொகேஷன்’ பகுதியில் (தளத்தின் ஒரு முகவரிப் பாதைக்கு மட்டுமான அமைப்பு) ஜேபெக், பிஎன்ஜி இரண்டை மட்டும் எழுதிய டைப்ஸ் தொகுதி வைத்திருக்கிறேன். யாராவது எச்டிஎம்எல்லோ, ஸ்கிரிப்ட் வைக்க இடம் தரும் எஸ்விஜி படமோ போட்டாலும், அது எங்கள் தளத்தின் பெயரில் பக்கமாகத் திறந்து ஸ்கிரிப்ட் ஓட்ட முடியாது, வெறுமனே இறங்கும். கூடவே ‘எக்ஸ்-கன்டென்ட்-டைப்-ஆப்ஷன்ஸ்: நோஸ்னிஃப்’ ஹெடரையும் சேர்க்கவும். சர்வர் சொன்ன வகையை ஒதுக்கிவிட்டு உலாவி தானாக ஊகிப்பதை அது தடுக்கும். ஒரு லொகேஷனுக்குள் தனியாக ஒரு ‘ஆட்_ஹெடர்’ (ஹெடர் சேர்க்கும் வரி) எழுதினால் மேலே எழுதியவை அங்கே பொதுவாக வந்து சேராது. ஆகவே அங்கேயும் இதை எழுதுங்கள்.

சிக்னல் மெதுவான ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: ஜிசிப் சுருக்கத்தை இயக்கினாலும் அது எச்டிஎம்எல்லுக்கு மட்டும்தான் வேலை செய்யும். சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்வி ஆகியவற்றை ‘ஜிசிப்_டைப்ஸ்’ வரியில் குறிப்பிட வேண்டும். வகை தவறினால் சுருக்கமும் தவறிவிடும்.

மாற்றியதும் ‘என்ஜின்எக்ஸ் -டி’ (nginx -t) கட்டளையால் பிழை பார்த்து, பிறகு ரீலோட் செய்யுங்கள். சோதிக்க உலாவியை நம்ப வேண்டாம். அது பழைய பதிலைச் சேமித்து வைத்திருக்கலாம். ‘கர்ல்’ கட்டளையோடு பெரிய ‘ஐ’ குறியைச் சேர்த்து ஒவ்வொரு வகையிலும் ஒரு கோப்பின் ஹெடரைப் பாருங்கள். ஒட்டே இல்லாத ஒரு கோப்பையும் போட்டுப் பாருங்கள். நான் இவற்றை முடித்துவிட்டு, கட்டபெட்டு அக்காவிடம் பக்கத்தைப் புதுப்பிக்கச் சொன்னேன். மார்கழி மாதக் கிலோக் கணக்கை முதல் வரியிலிருந்து போனிலேயே படித்துக் காட்டினார்.