டோசிங் பம்ப் லைனில் ரிலீஃப் வால்வும் டாம்பனரும்: எதை எங்கே வைப்பது?

குடிநீர்க் குழாயில் ஹைப்போ (கிருமி நீக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) செலுத்தும், மோட்டாரில் ஓடும் டயாஃப்ரம் டோசிங் பம்பை, அதாவது வளையும் சவ்வால் மருந்தை அளந்து தள்ளும் பம்பை, எடுத்துக்கொள்வோம். சாதாரண சென்ட்ரிஃப்யூகல் பம்பில் டெலிவரி வால்வை மூடினால் அழுத்தம் ஓரளவு ஏறி அங்கேயே நின்றுவிடும். டோசிங் பம்ப் நிற்காது. ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் அளந்த திரவத்தைத் தள்ளியே தீரும். வழி அடைத்திருந்தால் பைப் ஜாயின்ட் பிய்யும், அல்லது டயாஃப்ரம் கிழியும். தெறிப்பது ஹைப்போ என்பதால் பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்கே ஆபத்து.

பைப்பை வெட்டும் முன் இந்த வரிசையைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள்: பம்ப், ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் திறந்து வெளியேற்றுவது), டாம்பனர் (ஓட்டத்தின் துள்ளலைத் தணிப்பது), பிரஷர் கேஜ், பேக் பிரஷர் வால்வு (பம்புக்கு எதிரே அழுத்தத்தைத் தக்கவைப்பது), ஐசொலேஷன் வால்வு (லைனை மூடித் துண்டிப்பது), மருந்து சேரும் இடம்.

படி 1: ரிலீஃப் வால்வு

பம்பின் டெலிவரி வாயை ஒட்டி முதலில் வருவது இதுதான். பம்புக்கும் இதற்கும் நடுவில் எந்த வால்வும் கூடாது. சர்வீஸுக்கு வசதி என்று நடுவில் ஒரு பால் வால்வு போட்டால், அதை யாராவது மூடிவிட்டு பம்பை ஓட்டும் நாளில் ரிலீஃப் வால்வு இருந்தும் பயனில்லை.

சில பம்புகளுக்குள் ஆயில் பக்கம் ஒரு ரிலீஃப் வால்வு இருக்கும். அது காப்பது பம்பை. உங்கள் பைப்பைக் காக்க வெளியே தனியாக ஒன்று வேண்டும்.

படி 2: திரும்பும் லைன்

ரிலீஃப் வால்விலிருந்து வெளியேறுவது மருந்து டேங்குக்கே போகட்டும். பைப்பின் முனை திரவ மட்டத்துக்கு மேலே, கண்ணில் படும்படி இருந்தால், அதில் சொட்டு விழும்போதே ஏதோ அடைப்பு என்று தெரிந்துவிடும். பம்ப் உறிஞ்சும் சக்ஷன் லைனில் இணைத்தால் அது தெரியாது. வால்வின் அவுட்லெட்டை விடச் சிறிய பைப் வேண்டாம், இந்த லைனிலும் வால்வு வேண்டாம்.

படி 3: எத்தனை பாரில் திறக்க வேண்டும்?

இயங்கும் அழுத்தத்தை விட 10 முதல் 20 சதவீதம் கூடுதலாக வைப்பது வழக்கம். பம்ப் 5 பாரில் ஓடினால் ரிலீஃப் 6 பார். லைனில் மிகவும் பலவீனமான பாகம் எதைத் தாங்குமோ, அதைத் தாண்டவே கூடாது.

நம் ஊர் வெயிலை இங்கே மறக்க வேண்டாம். பிவிசி பைப்பில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் 20 டிகிரியை ஒட்டிய வெப்பநிலைக்கானது. 38 டிகிரியில் அதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் மிஞ்சும். தகர ஷெட்டுக்குள் 10 பார் பைப் என்பது 6 பார் பைப்தான். வால்வு 6 பாரில் திறக்கத் தொடங்கினாலும் முழுதாகத் திறப்பதற்குள் அழுத்தம் இன்னும் கொஞ்சம் ஏறும். ஆகவே இன்னும் அதிக அழுத்தம் தாங்கும் அடுத்த கிளாஸ் பைப்பாகவே வாங்குங்கள். இந்த இடத்தில் காசு மிச்சம் பிடிப்பது சரியல்ல.

படி 4: டாம்பனர்

ஒற்றைத் தலை பம்பில் பாதி நேரம் தள்ளல், பாதி நேரம் உறிஞ்சல். அதனால் உச்ச ஓட்டம் சராசரியைப் போல சுமார் 3 மடங்கு வரும். பைப் உதறும், கேஜ் முள் ஆடும், அந்த உச்சத்தில் ரிலீஃப் வால்வும் அடிக்கடி திறந்து மூடும். டாம்பனருக்குள் ரப்பர் பையின் ஒரு பக்கம் வாயு, மறுபக்கம் திரவம். உச்சத்தில் திரவத்தை வாங்கி, இடைவெளியில் திருப்பிக் கொடுக்கும்.

இதைப் பம்புக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக, டீ போட்டு நிமிர்த்தி வையுங்கள். ஓட்டம் நேராக அதன் வாய்க்குள் போகும்படி டீ அமைந்தால் இன்னும் நல்லது. டாம்பனருக்குக் கீழே மட்டும் ஒரு ஃபுல் போர் (துளை பைப் அளவுக்கே இருக்கும்) பால் வால்வு போடலாம். ஹைப்போ லைன் என்றால் பந்தில் வென்ட் துளை உள்ளதாக வாங்குங்கள். மூடிய பந்துக்குள் சிக்கிய ஹைப்போவிலிருந்து வாயு பிரிந்து வால்வையே உடைத்துவிடும்.

அடுத்து வரும் பேக் பிரஷர் வால்வைத் தவிர்க்க வேண்டாம். எதிர் அழுத்தம் இல்லாத லைனில் டாம்பனர் சரியாக வேலை செய்யாது.

படி 5: வாயு நிரப்புதல்

லைனில் அழுத்தம் பூஜ்யமாக இருக்கும்போதே நிரப்ப வேண்டும். பொதுவாக இயங்கும் அழுத்தத்தில் 80 சதவீதம், அதாவது நம் கணக்கில் 4 பார். தயாரிப்பாளரின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே எடுங்கள். நைட்ரஜன் மட்டும். ஆக்சிஜன் சிலிண்டரை அருகில் கொண்டு வரவே வேண்டாம்.

படி 6: ஓட்டிப் பார்த்தல்

முதலில் வெறும் தண்ணீரில். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். ரிலீஃப் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, ஸ்ட்ரோக்கைக் குறைத்து வைத்து, ஐசொலேஷன் வால்வை மூடி பம்பை ஓட்டுங்கள். டேங்கில் தண்ணீர் திரும்பும். திருகைக் கால் கால் சுற்றாக இறுக்கி, கேஜ் 6 பார் காட்டியதும் லாக் நட்டைப் பூட்டுங்கள். அப்புறம் வால்வைத் திறந்து, ஸ்ட்ரோக்கை வேலை அளவுக்குக் கொண்டுவாருங்கள். 5 பாரில் ஓடும்போது திரும்பும் லைன் உலர்ந்திருக்க வேண்டும்.

சில மாதங்கள் கழித்து முள் மறுபடி துள்ளினால், பம்பை நிறுத்தி அழுத்தத்தை முழுவதும் இறக்கிவிட்டு, டாம்பனரின் வாயு முனையை லேசாக அழுத்துங்கள். வாயு குறைந்திருந்தால் நிரப்பினால் போதும். அந்த முனையில் ஹைப்போ எட்டிப் பார்த்தால் பை கிழிந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.