உளவுத்துறையிடம் ஆர்.டி.ஐ போடுவது எப்படி

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கம் மனு எழுதிக் கொடுக்கச் சொல்லி வருகிறவர்களில் வருடத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்: "ஏனுங்க, ஐ.பி-கிட்டயெல்லாம் எதுவும் கேக்க முடியாதாமே?" ஐ.பி என்கிற மத்திய உளவுத்துறையிடமும் கேட்க முடியும். எதைக் கேட்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.ஐ) 24-வது பிரிவை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். ஐ.பி, வெளிநாட்டு உளவு பார்க்கும் ரா போன்ற அமைப்புகள் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன, 2011-ல் சி.பி.ஐ-யையும் அதில் சேர்த்துவிட்டார்கள், இவர்களுக்குச் சட்டம் பொருந்தாது. இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள் பலரும். ஆனால் அதே பிரிவில், ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு தொடர்பான தகவலுக்கு இந்த விலக்கு கிடையாது என்றும் இருக்கிறது. மனித உரிமை விஷயமென்றால் மத்தியத் தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு, 45 நாளுக்குள் தர வேண்டும்.

ஆள் யார், தகவல் கொடுத்தது யார் என்று மட்டும் கேட்காதீர்கள். 8(1)(ஜி) பிரிவு அதற்குத் தடை போடுகிறது, அது நியாயம்தான் என்பேன். நம் ஊர் வழியாகப் போகும் கடத்தல் லாரியைக் காட்டிக்கொடுத்தவன் பெயர் வெளியே வந்தால் அவன் குடும்பம் இங்கே இருக்க முடியுமா?

மீனாட்சிபுரம் பக்கத்து அம்மா ஒருவரின் மகனை மஃப்டியில் வந்தவர்கள் கூட்டிப்போய் மூன்றாம் நாள் விட்டார்கள், வரும்போது உள்ளங்கால் இரண்டும் வீங்கியிருந்தது. "கூட்டிப்போன அதிகாரி யார், யார் சொல்லி வந்தார்" என்று யாரோ எழுதிக்கொடுத்த மனுவுக்கு 24-வது பிரிவைக் காட்டி இரண்டே வரியில் பதில். அப்புறம் மாற்றி எழுதினோம். முதல் வரியிலேயே "24(1) பிரிவின்படி மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு தொடர்பான தகவல்" என்று போட்டோம். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இன்னாரை விசாரித்ததற்கான பதிவின் நகல், எங்கள் புகாரின் மேல் எடுத்த நடவடிக்கை, இவ்வளவுதான் கேட்டோம். அரசு மருத்துவமனையின் காயச் சான்றிதழையும், மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்பிய புகாரின் நகலையும் இணைத்தோம். இந்த முறை, மத்தியத் தகவல் ஆணையத்தின் ஒப்புதலுக்கு அனுப்பியிருப்பதாகக் கடிதம் வந்தது. அதை அந்தம்மா பிளாஸ்டிக் கவரில் போட்டு ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார்.

மனித உரிமை மீறல் என்றால் கேட்கலாம் என்கிற இந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் நாகர்கோவில்காரர். 1994 நவம்பரில் இஸ்ரோ உளவு வழக்கில் கைதாகி 50 நாள் சிறையில் இருந்தார், ஐ.பி அதிகாரிகள் விசாரணையில் தன்னைச் சித்திரவதை செய்ததாகச் சொன்னார். அது பொய் வழக்கு என்று 1996-லேயே சி.பி.ஐ சொல்லியும், உச்ச நீதிமன்றம் 50 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது 2018-ல்தான்.

சரி, அனுப்புவது. ஐ.பி என்றால் உள்துறை அமைச்சகம், ரா என்றால் அமைச்சரவைச் செயலகம். இடம் மாறிப் போனாலும் 6(3) பிரிவின்படி ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். மத்திய அலுவலகத்துக்கு ஆங்கிலம், இந்தி அல்லது மலையாளத்தில் எழுதுங்கள், 500 வார்த்தைக்குள். கேரள அரசு அலுவலகம் என்றால், நம்மைப் போன்ற தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே எழுதித் தமிழிலேயே பதில் வாங்க மாநில ஆட்சிமொழிச் சட்டத்தில் இடமிருக்கிறது, விட்டுவிடாதீர்கள். காரணம் எதுவும் எழுத வேண்டியதில்லை. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணையுங்கள், எண்ணை மனுவிலேயே குறித்துவிடுங்கள், வறுமைக்கோட்டுக்குக் கீழே என்றால் அதுவும் வேண்டாம், சான்று போதும்.

மறுத்தால் 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கேயும் நடக்கவில்லையா, 90 நாளுக்குள் டெல்லி முனிர்காவில் இருக்கும் மத்தியத் தகவல் ஆணையத்துக்கு. எல்லாமே ஸ்பீட் போஸ்டில் (பதிவுத் தபால் 2025-ல் இதோடு சேர்ந்துவிட்டது), ஒப்புகையோடு. அந்த ஒப்புகை கிடைத்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.