கோடைக்கால நன்னீர் ஆய்வுப் பயிற்சி: கிடைத்த பத்து வாரத்தை எப்படிப் பயன்படுத்துவது?

இளங்கலை படிக்கும்போதே கோடை விடுமுறையில் எட்டு, பத்து வாரம் ஓர் ஏரி ஆய்வகத்தில் பயிற்சி பெற இடம் இருக்கிறதென்றால் கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஆனால் "சின்ன வயதிலிருந்தே இயற்கை பிடிக்கும்" என்று ஆரம்பிக்காதீர்கள், வருகிற விண்ணப்பங்களில் பாதி அப்படித்தான் இருக்கும். அங்கே வேலை செய்பவர்களின் ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்து, முழுக்கப் புரியாவிட்டாலும் சரி, படித்துவிட்டு, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு சந்தேகத்தை எழுதுங்கள். பரிந்துரைக் கடிதத்தை ஒரு மாதம் முன்பே ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

சேர்ந்த முதல் வாரத்தில் கேள்வியைச் சின்னதாக்குங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். "மாசு ஏரியை எப்படிப் பாதிக்கிறது" என்று கிளம்பினால் பத்து வருடம் பத்தாது. "மழை பெய்த மறுநாள் இந்த ஓடை ஏரியில் சேரும் இடத்தில் பாஸ்பரஸ் கூடுகிறதா" என்பது உங்கள் கைக்கு அடங்கும். 1973இல் கனடாவில் ஆய்வாளர்கள் 226ஆம் எண் கொண்ட ஆய்வு ஏரியை நடுவில் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் கலந்தார்கள். பாஸ்பரஸ் போன பக்கம்தான் பாசி பிடித்துப் பச்சையானது. கேட்டது ஒரே கேள்வி, பதிலோ மேலிருந்து எடுத்த ஒரு புகைப்படத்திலேயே தெரிந்தது.

அப்புறம் களப்பணி. நேரத்தைக் குறிக்காத அளவீட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கரைந்த ஆக்சிஜனையே பாருங்கள்: பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஒளிச்சேர்க்கை செய்வதால் ஏறும், இரவில் எல்லா உயிர்களும் சுவாசிப்பதால் இறங்கும், விடியும் நேரத்தில்தான் மிகக் குறைவாக இருக்கும். ஓர் இடத்தில் காலை ஆறு மணிக்கும் இன்னோர் இடத்தில் மதியம் மூன்று மணிக்கும் அளந்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால், நீங்கள் இடத்தை ஒப்பிடவில்லை, கடிகாரத்தை ஒப்பிட்டிருக்கிறீர்கள். வெப்பநிலையையும் கூடவே எழுதுங்கள். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் சுமார் 7.6தான்.

தண்ணீரின் தெளிவை அளக்க, கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கும் வட்டமான செக்கி தட்டு போதும். 1865இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது, பேட்டரி தீர்ந்துபோகும் கவலை இல்லை. படகின் நிழல் விழும் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தட்டு கண்ணிலிருந்து மறையும் ஆழத்தையும் மேலே இழுக்கும்போது திரும்பத் தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுங்கள்.

குறிப்பேட்டில் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். நான் முதல் நாள் மைப்பேனாவோடு போனேன், நோட்டு தண்ணீரில் விழுந்தது, மிஞ்சியது நீலக் கறைதான். பாட்டிலில் தேதி, நேரம், இடம், ஆழம் நான்கையும் மாதிரி எடுப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள், ஈரமான பாட்டிலில் எதுவும் ஒட்டாது.

ஆய்வகத்தில் இரண்டு விஷயம். பாஸ்பரஸ் அளக்கும் பாட்டிலைப் பாஸ்பேட் கலந்த சோப்பால் கழுவினால் கடைசியில் சோப்பைத்தான் அளப்பீர்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, வடிநீரால் (காய்ச்சி வடித்த தண்ணீர்) பலமுறை அலசுங்கள். களத்துக்குப் போகும்போது வடிநீர் நிரப்பிய பாட்டில் ஒன்றையும் கூடவே எடுத்துப்போய், மற்ற மாதிரிகளுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்யுங்கள். அதில் பாஸ்பரஸ் காட்டினால் தப்பு ஏரியில் இல்லை, உங்கள் கையிலோ பாட்டிலிலோ இருக்கிறது. அலுப்பான வேலைதான், ஆனால் கடைசியில் உங்கள் முடிவுகளைப் போஸ்டராக வைத்து அதன் முன்னால் நிற்கும்போது "இந்த எண்ணை எப்படி நம்புவது" என்று யாராவது கேட்டால் காட்ட உங்களிடம் இருப்பது அந்தப் பாட்டிலின் முடிவுதான்.

எட்டாவது வாரத்தோடு மாதிரி எடுப்பதை நிறுத்துங்கள். "இன்னும் ஒரு தடவை" என்று மனசு இழுக்கும், விடாதீர்கள். வரைபடம் போட ஆரம்பித்த பிறகுதான் எந்த நாள் கருவி சரியாக வேலை செய்யவில்லை என்பதே தெரியவரும். கிளம்புவதற்கு முன் தரவுக் கோப்பில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அலகு எழுதி, சந்தேகமான எண்களை அழிக்காமல் குறியிட்டு வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள், அடுத்த கோடையில் வரும் மாணவர் அங்கிருந்துதான் தொடங்குவார்.