ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் முடியவில்லை: கடை ஊழியர் நலனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு முந்தைய வாரம், ஒரு பெரிய ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடி. புடவைப் பிரிவில் கவுண்டருக்குப் பின்னால் ஆறு ஸ்டூல்கள் இருந்தன. ஆறின் மேலும் கவர் கட்டுகள். அங்கே நின்றிருந்த பெண் ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் கெண்டைச்சதையில் தேய்த்துக்கொண்டிருந்தார். காலை ஒன்பதரைக்கு ஃப்ளோருக்கு வந்தவர். நான் பார்த்தபோது மாலை ஏழு மணி. கடையில் அந்த நேரம் கூட்டமும் இல்லை. "கொஞ்சம் உட்காரலாமேம்மா" என்றேன். "மேல கேமரா இருக்கு சார்" என்றார்.

கடைகளுக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கணக்கு பார்த்துக் கொடுப்பது என் வேலை. அதனால் கல்லாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்ன நடக்கிறது என்று தெரியும். முதலாளிகளில் பெரும்பாலானோர் கெட்டவர்கள் இல்லை. நலனுக்காகச் செலவும் செய்கிறார்கள். ஆனால் அது ஊழியரின் உடம்புக்குப் போய்ச் சேருவதில்லை.

முதல் தவறு அந்த ஸ்டூல்தான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் ஒரு திருத்தம் வந்தது. எல்லா ஊழியர்களுக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பது அதன் சாரம். நமக்கு முன்பே, 2018-ல் கேரளம் இதைச் செய்தது. அதற்குப் பின்னால் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களின் பல வருடப் போராட்டம் இருக்கிறது. தையல் வேலை செய்துவந்த விஜி என்பவர் அவர்களைத் திரட்டினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள், அப்புறம் நாற்காலி.

நம் ஊர்க் கடைகள் பலவற்றில் சட்டம் வந்ததும் ஸ்டூல் வாங்கிவிட்டார்கள். உட்காரலாம் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் சூப்பர்வைசர் முறைப்பார் என்ற பயம் அப்படியே இருக்கிறது. காலை மீட்டிங்கில் "கஸ்டமர் இல்லாதபோது உட்காருங்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டோம்" என்று முதலாளியே சொல்ல வேண்டும். சூப்பர்வைசருக்குத் தனியாக ஒருமுறை சொல்ல வேண்டும். ஒருநாள் சொன்னால் போதாது, ஒரு மாதமாவது சொல்ல வேண்டும்.

"நின்றால் என்ன, பழகிவிடும்" என்று ஒரு பேச்சு உண்டு. உடம்பு அப்படிப் பழகுவதில்லை. நடக்கும்போது கெண்டைச்சதை சுருங்கி விரிந்து, காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளிவிடுகிறது. ரத்தக்குழாய்க்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் அது திரும்ப இறங்காமல் பிடித்துக்கொள்கின்றன. ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் அந்தத் தள்ளல் நின்றுபோகும். ரத்தம் காலிலேயே தேங்கும், கணுக்கால் வீங்கும். வருடக்கணக்கில் இப்படியே போனால் வால்வுகள் தளர்ந்து நரம்பு சுருட்டிக்கொள்ளும். கிரானைட் தரையில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குக் குதிகால் வலியும் சேர்ந்துவிடும். கவுண்டருக்குப் பின்னால் தடிமனான ரப்பர் மேட் ஒன்று போட்டால் வித்தியாசம் தெரியும். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதும் நல்லதில்லை. கொஞ்சம் உட்கார்ந்து, கொஞ்சம் நின்று, கொஞ்சம் நடந்து வேலை பார்ப்பதுதான் காலுக்கு நல்லது.

அடுத்தது தண்ணீர். வாசலில் ஆர்.ஓ. மெஷின் வைத்திருப்பார்கள். ஆனால் பெண்கள் குடிக்க மாட்டார்கள். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். பாத்ரூம் நாலு மாடி தள்ளி இருக்கும், அல்லது சாவி யாரிடமாவது இருக்கும், அல்லது போய் வரும் நேரத்தை நோட்டில் எழுத வேண்டும். ஆம்பிளை சூப்பர்வைசரிடம் மாதவிலக்கு நாளில் இரண்டாம் முறை எப்படிக் கேட்பது? ஆக, தண்ணீரை நிறுத்திக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வருவதற்கு இது போதும். அந்த நோட்டை எடுத்துவிடுங்கள். கடையில் இதைவிட அவமானமான ஒரு பொருளை நான் பார்த்ததில்லை.

ஈ.எஸ்.ஐ. விஷயத்தில் நடக்கும் தவறு என்னை ரொம்ப வருத்துகிறது. குடோனில் வேலை பார்த்த ஒரு பையனுக்கு டெங்கு வந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவன் அம்மா வட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள். அவன் சம்பளத்தில் மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தது நான்தான். அவனுக்கு அது என்ன பிடித்தம் என்றே தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. சலான் கட்டினால் என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

சம்பளம் 14,000 ரூபாய் என்றால் ஊழியரிடம் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 105 ரூபாய். முதலாளி போடுவது 3.25 சதவீதம், 455 ரூபாய். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இதற்குள் வருவார்கள். சேர்ந்த நாளிலிருந்தே அவருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு இருந்தால், உடம்பு முடியாமல் லீவில் இருக்கும்போது சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வருடத்துக்கு 91 நாள் வரை. ஈ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ் வேண்டும், அவ்வளவுதான். இது தெரியாததால்தான் சம்பளம் போய்விடும் என்று பயந்து காய்ச்சலோடு ஃப்ளோரில் நிற்கிறார்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் அது தொற்றுகிறது. இப்போது புதிதாக யார் சேர்ந்தாலும் அவர்களுடைய ஐ.பி. எண் (ஈ.எஸ்.ஐ.யில் அவர்களுக்கான காப்பீட்டு எண்), எந்த டிஸ்பென்சரி, குடும்பத்தில் யார் யார் பெயர் சேர்ந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுக்கிறேன். ஒருவருக்குப் பத்து நிமிடம்தான் ஆகிறது.

வருடத்துக்கு ஒரு மெடிக்கல் கேம்ப் நடத்தி போட்டோ எடுத்துக்கொள்வதோடு நிறுத்திவிடுவதும் உண்டு. சர்க்கரை அளவு, பிரஷர் எல்லாம் எழுதிய தாளை மேனேஜர் மேஜையில் வைக்காதீர்கள். அதை ஊழியர் கையில்தான் கொடுக்க வேண்டும். ஒருவருடைய சர்க்கரை கடை முழுக்கத் தெரிந்துவிட்டால், அடுத்த வருடம் யாரும் கையை நீட்ட மாட்டார்கள்.

மனசு விஷயத்துக்கு வருவோம். கஸ்டமர் முன்னால் திட்டு வாங்கிய பெண் ட்ரையல் ரூம் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, சிரித்த முகத்தோடு அடுத்த புடவையை விரிக்கிறார். வருடத்துக்கு ஒருநாள் யோகா வகுப்பு வைத்தால் இது தீராது. திட்ட வேண்டியிருந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள் குழு இருக்க வேண்டும் என்று 2013-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பல கடைகளில் அந்தக் குழு ஃபைலில் மட்டும் இருக்கிறது. உறுப்பினர் பெயர்களைப் பெண்கள் சாப்பிடும் அறையில் ஒட்டுங்கள். மனநல ஆலோசனைக்கான அரசின் இலவச டெலிமானஸ் எண் 14416-ஐயும் அதே தாளில் எழுதுங்கள். தமிழிலேயே பேசலாம்.

இதையெல்லாம் சொன்னால் "சீசன் முடியட்டும் சார், பார்க்கலாம்" என்பார்கள். ஆடித் தள்ளுபடி முடிந்தால் தீபாவளி, அப்புறம் பொங்கல், அப்புறம் தை முகூர்த்தம். சீசனில்தான் இரவு பத்தரைக்குக் கடை மூடி, ஹாஸ்டலுக்குப் போய்ப் பதினொன்றரைக்கு ஆறிப்போன சோறு சாப்பிடுகிறார்கள். வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்கள் அவர்கள். கூட்டம் அதிகமான நாட்களில் மத்தியானச் சாப்பாட்டை மூன்று பந்தியாகப் பிரித்து, ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கடையிலேயே சூடாகக் கொடுக்கும் ஒரு முதலாளியை எனக்குத் தெரியும். சமையல்காரருக்குக் கூடுதலாக ஒரு ஆள் கூலி ஆகிறது. போன தீபாவளிக்கு அவர் கடையில் ஒருவரும் மயங்கி விழவில்லை.