பயிலுனருக்கு நிதியுதவி: வன்னி முதலாளிமார் வழுக்கும் இடங்கள்

பயிலுனரைச் சேர்த்தால் சம்பளத்தில் ஒரு பங்கைத் தருகிறோம் என்று ஒரு திட்டம் வந்தால், கிளிநொச்சியில் அரிசி ஆலையோ கராஜோ நடத்துகிறவரின் காதில் அது "சும்மா ஒரு ஆள்" என்றுதான் விழுகிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

இப்படியான உதவி அனேகமாக முற்பணமாக வராது. நீங்கள் சம்பளத்தைக் கொடுத்துக் கணக்குக் காட்டிய பிறகுதான் ஒரு பங்கு திரும்பி வரும். மாதச் சம்பளம் 30,000 ரூபா என்று வையுங்கள். 2026 ஜனவரி முதல் நாட்டின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் அதுதான். முதலாளியின் பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், அதாவது 3,600. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், 900. மொத்தம் 34,500. திட்டம் சம்பளத்தில் பாதியைத் தந்தால் திரும்புவது 15,000. மிச்சம் 19,500 உங்கள் செலவு. அந்த 15,000 உம் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருமென்றால், இரண்டு பேருக்கு 207,000 ரூபாவை முதலில் நீங்கள்தான் புரட்ட வேண்டும். பெரும்போக நெல் வாங்கும் மாசியில் எந்த ஆலைக்காரரிடம் அவ்வளவு காசு சும்மா கிடக்கிறது? கை முடங்கச் சம்பளம் பிந்தும். பிந்தினால் பிள்ளை நின்றுவிடும். பிள்ளை இடையில் நின்றால் கேட்க இருந்த காசும் போனதுதான். ஒரு ஆளுக்கே தாங்கும் என்றால் ஒரு ஆளையே எடுங்கள்.

அடுத்தது, "பயிலுனர்தானே, சேமலாப நிதி எதற்கு?" என்ற எண்ணம். தற்காலிகம், நாட்சம்பளம், பயிலுனர் என்று எந்தப் பெயரில் எடுத்தாலும் முதல் நாளிலிருந்தே அந்த உரித்து உண்டு. பயிலுனரின் சம்பளத்திலிருந்து கழிக்கக்கூடியது அவருடைய 8 வீதம் மட்டும். முதலாளியின் 12 ஐயும் சேர்த்து 20 ஆகக் கழிப்பவர்களும் இருக்கிறார்கள். அது சட்டப்படி பிழை, ஊரிலும் பெயர் கெடும். ஒரு மாதத்துக்கான பணத்தை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். அதை எந்தத் திட்டமாவது உங்களுக்காகக் கட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கையில் காசைக் கொடுத்துக் கொப்பியில் கையெழுத்து வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். ஊருக்குள் அது போதும், கணக்காய்வுக்குப் போதாது. வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, வரவுப் பதிவேடு மூன்றும் ஒரே தொகையையும் ஒரே நாட்களையும் சொல்ல வேண்டும். நியமனக் கடிதத்தின் திகதி திட்டம் தரும் ஒப்புதல் கடிதத்துக்கு முந்தியதாக இருந்தால் பெரும்பாலும் அந்த நாட்களுக்குக் காசு கிடையாது. மருமகனைப் பயிலுனராகக் காட்ட நினைப்பவர்கள் விதிகளை இரண்டு தரம் வாசிக்கட்டும்.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறிவியல் நகரில் உள்ள இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் படித்து வருகிற பிள்ளைக்குத் தொழிலிடப் பயிற்சி படிப்பின் ஒரு பகுதி. ஒட்டுவேலை (வெல்டிங்) படித்தவரைக் கல்லாவில் இருத்தித் தேநீர் வாங்க அனுப்பினால், அவருடைய பயிற்சிப் பதிவேட்டில் எழுத ஒன்றும் இராது. மேற்பார்வைக்கு ஒருவரைப் பெயர் குறித்து நியமியுங்கள். அது முதலாளியாக இல்லாமல், தினமும் பட்டறையில் நிற்கும் மூத்த தொழிலாளியாக இருந்தால் நல்லது.

காலமும் முக்கியம். ஐப்பசியில் ஆலைக்கு ஆள் எடுத்தால் நெல் வருமுன்னே உதவிக்காலம் பாதி கரைந்துவிடும். தையில் தொடங்கினால் அறுவடையோடு வேலையும் இருக்கும், பழகவும் முடியும்.

பயணச் செலவைத் தனியாகக் கேளுங்கள். சில திட்டங்களில் அதற்கு இடம் உண்டு, விண்ணப்பத்தில் எழுதாவிட்டால் பிறகு சேர்க்க முடியாது. ஒட்டுசுட்டான் பக்கம் உட்கிராமத்திலிருந்து வரும் பெண்பிள்ளைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் கேட்டுவிட்டு வேலைநேரத்தை எழுதுங்கள்.