ஆஃபர் லெட்டரில் எழுதாததைப் படிப்பது எப்படி

பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் பதினேழு வருஷமாக எச்.ஆர். வேலை பார்க்கிறேன். எங்களுக்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஆபீஸ், துபாயில் ஒரு குடோன். அதனாலேயே சொந்தத்தில் யாருக்கு வெளிநாட்டு ஆஃபர் வந்தாலும் முதல் வாட்ஸ்அப் எனக்குத்தான். எல்லோரும் சம்பளம் போட்ட பக்கத்தை மட்டும் அனுப்புவார்கள். மிச்சப் பக்கங்களை நான்தான் கேட்டு வாங்க வேண்டும்.

போன மாதம் சித்தி பையன் கூப்பிட்டான்.

"அக்கா, துபாய்ல நாலாயிரம் திர்ஹம் போட்டிருக்காங்க."

"பேசிக் எவ்வளவுடா?"

"ஆயிரத்தி இருநூறு. மிச்சம் அலவன்ஸ். மொத்தம் ஒண்ணுதானே?"

ஒன்றில்லை. அமீரகத்தில் வேலையை விட்டுக் கிளம்பும்போது வரும் கிராஜுவிட்டிக்குப் பேசிக் மட்டும்தான் கணக்கு. முதல் ஐந்து வருஷம், வருஷத்துக்கு 21 நாள் பேசிக்; அதற்கு மேல் 30 நாள். 1,200ஐ 30ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 40. 21 நாளுக்கு 840. ஐந்து வருஷம் இருந்தால் 4,200 திர்ஹம். அதே நாலாயிரத்தில் பேசிக் 2,400 என்றால் 8,400. கம்பெனிக்கு மாதச் செலவு ஒரு காசுகூட ஏறாது. "பேசிக்கை ஏத்திக் கேளு, மொத்தத்தைத் தொடாதே" என்றேன். 1,800 கொடுத்தார்கள்.

இதுதான் நான் படிக்கும் முறை. ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: இந்தப் பேப்பரில் இந்த வரியே இல்லாமல் போனால், நான் உட்கார்ந்து வேலை பார்க்கப்போகும் நாட்டின் சட்டம் அந்த இடத்தில் எதை வைக்கும்? கம்பெனி எந்த ஊர்க்காரருடையது என்பது பெரும்பாலும் இரண்டாம் பட்சம்.

அமெரிக்காவில் அந்த இடம் கிட்டத்தட்ட காலி. மொன்டானா மாநிலம் தவிர, காரணம் சொல்லாமல், நோட்டீஸ் கொடுக்காமல் இன்றைக்கே அனுப்பலாம். இனம், மதம், பால், நாற்பது தாண்டிய வயது மாதிரி சட்டம் தடுத்த காரணமாக மட்டும் இருக்கக் கூடாது. அதனால் அமெரிக்க லெட்டரில் நோட்டீஸ் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றால் நிஜமாகவே ஒன்றும் கிடையாது. வேண்டுமென்றால் பேசி எழுதி வாங்குங்கள்.

ஜெர்மனி நேர் எதிர். அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மார்ச் 1 அன்று ஒருவரைச் சேர்த்தோம். ஆறு மாதம் ப்ரொபேஷன். சரிவரவில்லை. ஆகஸ்ட் 27 அன்று எம்.டி. கையெழுத்தை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக மெயிலில் அனுப்பிவிட்டு, இரண்டு வார நோட்டீஸில் முடிந்தது என்று நிம்மதியாக டீ குடிக்கப் போய்விட்டேன். அங்கே இருக்கிற வக்கீல் போன் போட்டு, "மை எங்கே?" என்று கேட்டார். வேலையை முடிக்கும் கடிதம் காகிதத்தில், பேனாக் கையெழுத்தோடு, ஆள் கையில் போய்ச் சேர வேண்டும், மெயில் செல்லாது. கூரியர் போய்ச் சேர்ந்தது செப்டம்பர் 3. ஆறு மாதம் தாண்டிவிட்டது. அங்கே எங்களிடம் பதினான்கு பேர். பத்துப் பேருக்கு மேல் இருக்கும் இடத்தில், ஆறு மாதம் முடித்தவரை அனுப்பச் சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும். "சரிவரவில்லை" எல்லாம் எடுபடாது. மூன்று மாதச் சம்பளம் கொடுத்துச் சமாதானம் ஆனோம். என் இன்க்ரிமென்ட் அந்த வருஷம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்.

இதையே நீங்கள் அந்தப் பக்கத்தில் இருந்து பாருங்கள். மெயிலில் "வேலை முடிந்தது" என்று வந்தால் பதறி ஒத்துக்கொண்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். காகிதம் கையில் வந்த தேதியைக் குறித்து வையுங்கள். லேபர் கோர்ட்டுக்குப் போக அதிலிருந்து மூன்றே வாரம். நீங்களாக ராஜினாமா செய்தாலும் காகிதம்தான்.

அடுத்து, "விலகிய பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது" என்ற வரி. எல்லா ஊர் லெட்டரிலும் ஒரே இங்கிலீஷில் இருக்கும், பலம் மட்டும் ஊருக்கு ஊர் வேறு. நம் ஊரில் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, வேலையை விட்ட பிறகு அது செல்லாது. கலிஃபோர்னியாவிலும் செல்லாது. வேடிக்கை என்னவென்றால் அவர்கள் சட்டமும் 1872தான். இரண்டுமே டேவிட் டட்லி ஃபீல்ட் என்ற அமெரிக்க வக்கீல் நியூயார்க்குக்காக எழுதிய சட்ட வரைவிலிருந்து எடுத்தவை. நியூயார்க் அதை ஏற்கவே இல்லை! ஜெர்மனியில் அந்த வரி செல்லும், ஆனால் சும்மா இல்லை: அதிகபட்சம் இரண்டு வருஷம், அதுவரை கடைசிச் சம்பளத்தில் பாதியாவது கம்பெனி கொடுக்க வேண்டும். லெட்டரில் தடை இருந்து பணம் பற்றிப் பேச்சே இல்லை என்றால் அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

சிங்கப்பூருக்கு ஒர்க் பெர்மிட்டில் போகிறவர்களுக்கு ஆஃபர் லெட்டரைவிட ஐ.பி.ஏ. கடிதம், அதாவது பெர்மிட்டுக்கு அந்த ஊர் அரசாங்கம் முதலில் கொடுக்கும் ஒப்புதல் கடிதம், முக்கியம். பேசிக், அலவன்ஸ், பிடித்தம் மூன்றும் அதில் தனித்தனியாக இருக்கும். ஊரை விட்டுக் கிளம்பும் முன்னரே, புரிகிற மொழியில் அது கைக்கு வர வேண்டும். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகையையும் அதில் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த ஊர் அரசாங்கம் நம்புவது அந்தக் கடிதத்தைத்தான். ஒரு பிரிண்ட் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஏஜென்ட். இங்கே ஆள் எடுப்பவர் மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். அவர் வாங்கலாம் என்று சட்டம் சொல்வது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். சித்தி பையனிடம் ஒன்றரை லட்சம் கேட்டிருந்தார்கள். "ரசீது கேளு" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவர்களே போன் செய்து, "தம்பி, கணக்கைத் திரும்பப் பார்க்கிறோம்" என்றார்களாம்.