ரோபோ கேமராவை அளவுத்திருத்தம் செய்வது எப்படி?

லென்ஸ் நேர்க்கோட்டை வளைத்துக் காட்டினால் ரோபோவின் தூரக் கணக்கு தப்பும். திருத்த, சதுரங்கக் கட்டம் அச்சிட்ட ஒரு பலகை போதும்; அதைப் பல கோணங்களில் படமெடுத்துக் கணக்கிடுவதே அளவுத்திருத்தம். ஆய்வாளர் செங்யூ சாங் 2000இல் வெளியிட்ட முறைதான், படங்களைக் கணினியில் ஆராய உதவும் ஓப்பன்சிவி (OpenCV) மென்பொருளில் இன்றும் இதற்கு அடிப்படை.

ஏ3 தாளில் 10க்கு 7 கட்டங்கள், ஒவ்வொன்றும் 25 மி.மீ. சிங்கப்பூரில் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் கடைகளில் அச்சடிப்பதானால் 100 விழுக்காட்டு அளவிலேயே அடிக்கச் சொல்லுங்கள். 10 கட்டங்களை ஸ்கேலால் அளந்தால் 250 மி.மீ. வர வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் தாள் நெளியும். நெளிந்த தாள் எல்லாவற்றையும் கெடுக்கும். அக்ரிலிக் பலகையில் குமிழில்லாமல் ஒட்டுங்கள்.

ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். ஏர்கான் அறையிலிருந்து வாய்ட் டெக்குக்கு (அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளம்) கொண்டுபோனால் லென்ஸில் பனி படியும், தெளியும்வரை காத்திருங்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் விளக்கு மினுங்கி, படத்தில் பட்டை பட்டையாக ஓடினால் எக்ஸ்போஷரை 1/50 அல்லது 1/100 வினாடியில் நிறுத்துங்கள்.

இனி 20, 25 படங்கள். பலகையைப் பல பக்கமும் 30 முதல் 45 பாகை சாய்த்து எடுங்கள். எல்லாம் நேருக்கு நேராக இருந்தால் குவியத் தூரமா, பலகையின் தூரமா என்று கணக்கால் பிரித்தறிய முடியாது. எல்லாப் படங்களையும் சேர்த்துப் பார்த்தால், படச் சட்டத்தின் நான்கு மூலைகளையும் பலகை தொட்டிருக்க வேண்டும்.

நிரலில் கொடுக்க வேண்டியது கட்டங்களின் எண்ணிக்கை அல்ல, நான்கு கட்டங்கள் சந்திக்கும் உள்மூலைகளின் எண்ணிக்கை: 9, 6. பலரும் 10, 7 என்று கொடுத்துவிட்டு, பலகையே கிடைக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

மறுவீச்சுப் பிழை, அதாவது கணக்கு சொல்லும் மூலைக்கும் படத்தில் கண்ட மூலைக்கும் உள்ள இடைவெளி, 0.5 பிக்சலுக்குள் வந்தால் நல்லது. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள்: நடுவில் மட்டுமே எடுத்த படங்களுக்கும் அது குறைவாகவே வரும். திருத்திய படத்தின் ஓரத்தில் கதவு நிலை நேராகத் தெரிகிறதா பாருங்கள்.